மஞ்சள் ஆய்வில் அம்மாவைச் சேர்க்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டவும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். முடக்குவாதத்திற்காக ஆறு ஆண்டுகளாக மெத்தோட்ரெக்ஸேட் எடுத்துவரும் 61 வயதான என் அம்மாவை, அழற்சியைக் குறைக்கக்கூடிய உணவுப் பொருள்கள் பற்றிய 12 வார ஆய்வொன்றில் தன்னார்வலராகச் சேர்க்கச் சம்மதமா என்று அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரையோ, அதே நிறத்தில் ஒரு வெற்று மாத்திரையோ தருவார்களாம். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும், உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை உண்டு.

"நான் குழம்பில் போடாத மஞ்சளா?" என்று அம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் தயக்கம். குழம்பில் விழும் அரைத் தேக்கரண்டி மஞ்சளில், அதன் முக்கியச் சத்தான குர்குமின் மிகச் சொற்பம். மாத்திரையில் செறிவு பல மடங்கு. மிளகிலுள்ள பைப்பரின், குர்குமின் இரத்தத்தில் சேர்வதைப் பெருமளவு கூட்டுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அது அம்மாவின் மற்ற மருந்துகளையும் பாதிக்காதா?

கையில் தந்த ஒப்புதல் படிவம் ஏழு பக்கமும் ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். அதில் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவெண்ணுக்குரிய கட்டமும் காலியாக உள்ளது.

இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்கள், தமிழ்ப் படிவம் கேட்டுப் பெற்றீர்களா, பரிசோதனை முடிவுகளை உங்களிடம் தந்தார்களா, இடையில் விலகியபோது வழக்கமான சிகிச்சையில் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.