வாசலில் வயது கேட்பதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பார்சல் ஒப்படைக்கும் செயலியின் சரங்களை, அதாவது திரையில் தோன்றும் சிறு வாசகங்களை, தமிழாக்கும் இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு உட்கார்ந்து படித்தேன். 'அடையாளச் சரிபார்ப்பு', 'வயது சரிபார்ப்பு' என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த சரத்துக்குப் போய்விடலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை என் வீட்டு வாசலிலிருந்தே சொல்கிறேன்.

சென்ற மாதம் சமையலறைக் கத்தி ஒன்று வரவழைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் என் அப்பா, எழுபதைக் கடந்தவர். கொண்டுவந்த இளைஞர் கைபேசியைப் பார்த்தார், அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்தார், தயங்கினார். "ஐயா, வயதுக்கு ஏதாவது சான்று காட்டுங்கள். பிறந்த தேதியைப் போடாமல் இது அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்கிறது" என்றார். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். 'வாடிக்கையாளரின் வயதைச் சரிசெய்யவும்' என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. "செய்ய முடியுமென்றால் ஓர் இருபது வருடத்தைக் குறைத்துவிடுங்கள், தம்பி" என்றார். நான் உள்ளே போய் அவருடைய அட்டையைத் தேடி எடுத்து வரும்வரை இருவரும் வாசலில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

'சரிசெய்' என்பது யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் கைத்தவறு என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தத் தவறுக்கு வழி திறந்துவிட்டது 'சரிபார்' என்ற சொல்தான். கணக்கைச் சரிபார்க்கிறோம், அச்சுப்படியை மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கிறோம். முன்னமே ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும், அது சரியா என்று பார்க்க வேண்டும். வாசலில் நின்ற அப்பா தம் வயதை யாரிடமும் சொல்லவேயில்லை. சொல்லாத ஒன்றை எப்படிச் சரிபார்ப்பது?

அச்சொல் கச்சிதமாகப் பொருந்தும் இடம் ஒன்று இதே செயலியில் இருக்கிறது. சிலர் சான்றாகக் காட்டும் கடவுச்சீட்டில், விவரப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கும். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) 9303ஆம் ஆவணம் வகுத்த முறை அது. அங்கே பிறந்த தேதி ஆறு இலக்கம். அதை ஒட்டி ஏழாவதாக ஒரு காவல் இலக்கம். 1999 ஏப்ரல் 15 என்றால் 990415. இந்த இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 126. அதன் கடைசி இலக்கமான 6தான் பக்கத்தில் நிற்கும். கருவி ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் பெரும்பாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். இதைச் 'சரிபார்ப்பு இலக்கம்' என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். (ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் நூறைத் தாண்டிய பாட்டியும் பள்ளிக்குப் போகும் பேத்தியும் அந்த வரியில் ஒரே வயதினராகத் தெரியக்கூடும் என்பது தனிக்கதை.)

இனி அடையாளத்துக்கு வருகிறேன். இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'அடையாள அட்டை' எல்லோருக்கும் தெரிந்த சொல். 'அடையாளச் சோதனை' என்றால் யாருக்குத்தான் புரியாது?

புரியும். இன்னொரு விதமாகவும் புரியும். 'அடையாள வேலைநிறுத்தம்', 'அடையாள உண்ணாவிரதம்' என்று நாளிதழ்கள் எழுதுவது எதை? பெயருக்கு ஒரு நாள் நடத்துவதை. அந்தக் கணக்கில் 'அடையாளச் சோதனை' என்பது பெயருக்கு நடத்தும் சோதனை. பல வாசல்களில் நடப்பது அதுதான் என்றாலும், அதையே கலைச்சொல்லாக்கிவிட வேண்டாம்.

வாசலில் உண்மையில் என்ன நடக்கிறது? ஒருவர் அட்டையை நீட்டுகிறார். கொண்டுவந்தவர் அட்டையிலுள்ள முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார். அட்டையிலுள்ள பெயரையும் பார்சலின் மேலுள்ள பெயரையும் பார்க்கிறார். அதாவது ஒப்பிடுகிறார். பிறகு ஒப்பம் வாங்குகிறார், பொருளை ஒப்படைக்கிறார், ஒப்புகை பதிவாகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் 'ஒப்பு' என்ற ஒரே வேருக்குள் முடிந்துவிடுவதைக் கவனியுங்கள். இதை வைத்துக்கொண்டு நாம் ஏன் 'சரிபார்'ப்பின் பின்னால் அலைய வேண்டும்? ஆளையும் அட்டையையும் ஒப்பிடுவது ஆளொப்பீடு. 'ஆளொப்பீடு தேவை', 'ஆளொப்பீடு முடிந்தது' என்று பொத்தானில் இட்டுப் பார்த்தேன். இடமும் கொள்கிறது, நாக்கும் தடுக்கவில்லை.

அட்டை மெய்யா போலியா என்று பார்ப்பது வேறு வேலை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட அடையாள வழிகாட்டி இதை நன்றாகப் பிரிக்கிறது: இன்னார் என்று ஒருவரைத் தனித்துக் காண்பது ஒரு படி, காட்டும் சான்று மெய்தானா என்பது அடுத்த படி, அந்தச் சான்று இவருடையதுதானா என்பது மூன்றாவது படி. நம் செயலி கேட்பது மூன்றாவதை. இரண்டாவதைச் 'சான்றாய்வு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்துகொண்டு, இன்னும் முப்பது வீடு பாக்கி வைத்துக்கொண்டு நிற்பவரால் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அதில் மிகக் குறைவு. அதையும் அவர் தலையில் ஏற்றும் சொல் வேண்டாம்.

வயதுதான் எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தது. முதலில், யாரிடம் கொடுக்கலாம் என்பதற்கு வந்த மொழிபெயர்ப்புகளைப் பாருங்கள். 'வயதானவரிடம் மட்டும் கொடுக்கவும்' என்று ஒரு சரம். வீட்டுத் தாத்தாவை எழுப்பிக்கொண்டு வரச் சொல்கிறது. 'பெரியவர்' என்றாலும் அதே தாத்தா. இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து வந்த ஒன்று இன்னும் மோசம்: 'வயதுக்கு வந்தவரிடம் ஒப்படைக்கவும்'. 'வயது வந்தோர் கல்வி' என்பதில் இல்லாத ஒரு 'க்கு' உள்ளே நுழைந்து என்ன செய்துவிட்டது என்று இந்தக் குழுவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சரத்தைத் திரையில் வைத்துக்கொண்டு எந்த இளைஞர் எந்த வீட்டு மணியை அடிப்பார்? 'வயது வந்தவர்' என்ற சரியான வடிவத்தையே எடுத்துக்கொண்டாலும், தட்டச்சில் ஒரு சறுக்கல் போதும், மானம் போய்விடும். இத்தனை விளிம்பில் நிற்கும் சொல்லை நான் தொட மாட்டேன்.

'அகவை' வேண்டும் என்று எழுதிய நண்பருக்கு: அழகான சொல்தான், பிறந்தநாள் வாழ்த்துகளில் தினமும் பார்க்கிறோம். ஆனால் வாசலில் நிற்பவர் வாய்விட்டுக் கேட்கப்போவது "உங்களுக்கு வயது என்ன?" என்றுதான். அவர் வாயில் வரும் சொல்லே அவர் திரையிலும் இருக்கட்டும்.

> 'வயதறிதல்' எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான், ஆனால் பொய். வயதை அறிய வேண்டியதே இல்லை என்பதுதான் இதன் நுட்பம். ஐஎஸ்ஓ/ஐஇசி 18013-5 என்று 2021இல் வந்த தரநிலை, கைபேசியில் வைத்துக்கொள்ளும் ஓட்டுநர் உரிமத்துக்கானது. இன்ன வயது நிறைந்ததா என்று கேட்டால், பிறந்த தேதியைக் காட்டாமலே ஆம் அல்லது இல்லை என்று விடை தருவதற்கு அதில் வழி இருக்கிறது. கேட்பவருக்கு என் வயது 19ஆ 91ஆ என்று கடைசிவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்; முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் என் பிறந்த தேதி எதற்கு? அறியாமலே முடியும் வேலைக்கு 'அறிதல்' என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரைப் பார்த்து நிரல் எழுதுபவர் தேதிக்குக் கட்டாயம் ஒரு பெட்டி வைத்துவிடுவார். அப்பாவை வாசலில் நிறுத்தியது அந்தப் பெட்டிதான்.

இன்னொன்று. பையன் ஒருவனிடம் வயதைக் கேளுங்கள். "18 நடக்கிறது" என்பான். பொய்யில்லை, ஆனால் முடிந்திருப்பது 17. நம் மொழியில் வயது நடக்கும், நிறையும், முடியும். இந்த மூன்றும் வெவ்வேறு. சட்டங்கள் கேட்பது நிறைந்ததை. படிவங்களில் '18 வயது நிரம்பியவர்' என்று பல காலமாக எழுதிவருவதும் அதனால்தான். ஆகவே சொல்லுக்குள் 'நிறை' இருந்தே ஆக வேண்டும். நிறைகுடம், நிறைமதி, நிறைமாதம் போல நிறைவயது. சோதனைக்கு 'நிறைவயதுச் சோதனை', ஆளுக்கு 'நிறைவயதினர்'. வரம்பு நாட்டுக்கு நாடு, பொருளுக்குப் பொருள் மாறுவதால் எண்ணைச் சொல்லுக்குள் புதைக்காமல் முன்னால் விடுகிறேன்: '18 நிறைவயது', '21 நிறைவயது'.

> நிறைவயது என்றால் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்து முடித்தவர் போல ஒலிக்கிறது.

ஆமாம், ஒலிக்கிறது. இரங்கல் செய்தியின் வாடை லேசாக அடிப்பதை நானும் உணர்ந்தேன். எண் முன்னால் நிற்கும்போது அந்த வாடை போய்விடுகிறது என்பது என் எண்ணம். எண் இல்லாமல் தனியே நிற்கும் இரண்டு சரங்களில் போகவில்லை. அந்த இரண்டிலும் 'வயது வரம்பு நிறைந்தவர்' என்று விரித்தே எழுதிவிடுவோம். சுருக்கத்துக்காக யாரையும் சாகடிக்க வேண்டாம்.

ஆளொப்பீடும் நிறைவயதுச் சோதனையும் ஒன்றல்ல என்பதைச் செயலி எழுதியவர்களே மறந்திருக்கிறார்கள். வங்கி அட்டை வந்தால் பெயருக்குரியவர் கையில்தான் போய்ச் சேர வேண்டும். அவர் வயதைப் பற்றிக் கேள்வியில்லை. கத்தியோ மதுவோ வந்தால் பல இடங்களில் அந்த வீட்டில் வரம்பு நிறைந்த எவரும் வாங்கிக்கொள்ளலாம். பெயர் பொருந்த வேண்டியதில்லை. 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்றார்களே, அங்கே கேட்டதும் ஆள் யார் என்பதையல்ல, தகுதி உண்டா என்பதை. இந்த இரண்டையும் ஒரே 'சரிபார்ப்பு'க்குள் போட்டால், மனைவி பெயருக்கு வந்த கத்தியைக் கணவனிடம் கொடுக்காமல் திருப்பி எடுத்துப் போவார்கள். கணவன் பெயருக்கு வந்த வங்கி அட்டையைத் தாடி வைத்த எவரிடமும் கொடுப்பார்கள்.

ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை இந்த இரண்டிலும் சேர்க்காதீர்கள். அந்த ஆறு இலக்கம் நிரூபிப்பது, கைபேசி யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே. பத்து வயதுச் சிறுமி அம்மாவின் கைபேசியைப் பார்த்து இலக்கங்களை உரக்கப் படித்துவிட்டுப் பார்சலோடு உள்ளே ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குக் 'குறியெண் பெறல்' போதும். உறுதி, ஒப்பீடு என்ற பெரிய சொற்கள் வேண்டாம்.

பார்சலா பொதியா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. புகாரின் துறையில் உடையவர் பெயர் பொறித்த பொதிகள் கிடந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது என்பதால் 'பொதி' மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் இன்று பொதி என்றால் முதுகில் சுமக்கும் பாரம்தான் நினைவுக்கு வருகிறது. திரையில் பார்சல் இருக்கட்டும்.

மிச்சம் ஒரு சரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. கொடுக்க முடியாமல் திரும்பும்போது செயலி 'மறுக்கப்பட்டது' என்று பதிகிறது. யார் எதை மறுத்தார்கள்? வாங்குபவர் பொருளே வேண்டாம் என்றாரா, பொருள் வேண்டும் ஆனால் அட்டையைக் காட்ட மாட்டேன் என்றாரா, அல்லது அட்டையைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தவர் கொடுக்க மறுத்தாரா? மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் பொருளை வரவழைத்தவர் மேல்தான் பழி விழும். முதலாவதற்குப் 'பொருள் வேண்டாம் என்றார்', இரண்டாவதற்குச் 'சான்று காட்டவில்லை' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவதற்கு 'ஒப்படைக்கவில்லை: வயது நிறையவில்லை' என்று போட்டால், முகம் பொருந்தாமல் திரும்பியதை எங்கே வைப்பது? யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். அதுவரை அந்த ஒரு சரத்தை வெறுமையாக விட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
சரம் 214 முதல் 260 வரை எடுத்துக்கொண்டவன்