இறந்தவர் முக ஒப்பனையில் சிவப்பு: எங்கே, எவ்வளவு?

கேள்வி:
எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) முடிந்த மாநிற முகம். ஃபவுண்டேஷன் பூசியதும் தட்டையாகிவிடுகிறது. மேலே ரூஜ் (கன்னச் சிவப்புப் பூச்சு) வைத்தால் பொம்மை முகம். சிவப்பை எப்படி வைப்பது?

பதில் 1:
வரிசையை மாற்றுங்கள். உயிருள்ள முகத்தின் சிவப்பு தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தால் வருவது. அதனால் சிவப்பு அடியில், தோல் நிறம் மேலே. எம்பாமிங்கின்போது முகத்தில் தடவிய மசாஜ் க்ரீமைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். எண்ணெய்ப் பசை மிஞ்சினால் திட்டுத் திட்டாக நிற்கும். அரிசி அளவு க்ரீம் ரூஜைப் புறங்கையில் பரப்பி, தூரிகை நுனியால் கன்னம், மூக்கு நுனி, முகவாய், காது மடல், நெற்றி நடுவில் ஒற்றுங்கள். இழுக்கவே கூடாது. கன்னத்தில் மட்டும் வைப்பதால்தான் பொம்மை ஆகிறது. மேலே மெல்லிய ஃபவுண்டேஷன் போதும். மாநிறத்துக்கு ரோஸ் வேண்டாம், சாம்பல் பூத்துவிடும். செங்கல் சிவப்பு எடுங்கள்.

பதில் 2:
குளிர்பெட்டியிலிருந்து வந்த உடல் என்றால் தோலில் நீர் கோத்து அடங்கும்வரை பூசாதீர்கள். காமாலை முகத்தில் நேரே சிவப்பு வைத்தால் ஆரஞ்சாகும். முதலில் ஊதா சாயல் அடிப்பூச்சு. எம்பாமிங் மருந்தான ஃபார்மலினால் அந்த மஞ்சள் பச்சை தட்டியிருந்தால் சிவப்பே அதை அடக்கும்.

பதில் 3:
ஆண்களின் உதட்டுக்குப் பழுப்புச் சிவப்பை விரலால் ஒற்றுங்கள், ஓரக்கோடு தெரியக்கூடாது. குடும்பத்திடம் சமீபத்திய படம் கேளுங்கள். அவர்கள் கடைசியாகப் பார்க்கப்போகும் முகம் இது. பார்வைக்கு வைக்கும் இடத்து விளக்கிலேயே சரிபாருங்கள். மஞ்சள் விளக்கு சிவப்பைத் தூக்கும், குழல்விளக்கு மங்கடிக்கும்.