மாமாவின் தொடை வீக்கம்

அத்தை: உங்கள் மாமா வண்டியிலிருந்து விழுந்து இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் தொடையின் வெளிப்புறம் வீங்கி, கை வைத்தால் தண்ணீர்ப் பை போலத் ததும்புகிறது. அந்த இடம் மரத்துப்போய்விட்டது என்கிறார். இரண்டு முறை ஊசியால் நீரை எடுத்தும் மறுபடியும் சேர்ந்துவிட்டதால், அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள்.

பெரியம்மா: எலும்புதான் முறியவில்லையே, இன்னொரு முறை ஊசியால் எடுத்துப் பார்க்கக் கூடாதா? கத்தி என்றாலே எனக்கு மனம் பதறுகிறது.

மருத்துவர் அக்கா: பெரியம்மா, வெளியே தோல் முழுதாக இருப்பதுதான் இந்தக் காயத்தில் நம்மை ஏமாற்றுகிறது. விழுந்து உரசிய வேகத்தில் தோலும் அதனடியில் உள்ள கொழுப்பும் ஒன்றாக நகர்ந்து, தசையை மூடியிருக்கும் உறையிலிருந்து பிரிந்துவிடுகின்றன. ஊடே செல்லும் ரத்தக் குழாய்களும், திசுக்களில் ஊறும் தெளிந்த நீரான நிணநீரைக் கொண்டுசெல்லும் குழாய்களும் அறுபடுவதால், அந்த இடைவெளியில் ரத்தமும் நிணநீரும் நசுங்கிய கொழுப்பும் தேங்குகின்றன. 1853-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரல்-லவாலேயின் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம். நாளாக ஆக அந்தத் தேக்கத்தைச் சுற்றிக் கெட்டியான நார்ப்பை உருவாகிவிடும். பிறகு எத்தனை முறை உறிஞ்சினாலும் அது நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.

அத்தை: எம்.ஆர்.ஐ. அறிக்கையிலும் பை தெரிகிறது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சின்னத் துளை போட்டு முடிக்க முடியாதா, அம்மா?

மருத்துவர் அக்கா: அடிபட்ட சில நாட்களுக்குள் என்றால், சிறு துளைகள் வழியே கழுவி, இறந்த கொழுப்பைத் தூரிகையால் சுரண்டி எடுத்து, வடிகுழாய் வைப்பது பல நேரம் போதும். இப்போது திறந்துதான் பையை அகற்ற வேண்டும். அதைவிட முக்கியம், மீண்டும் இடைவெளி விழாதபடி தோலடிக் கொழுப்பைத் தசையுறையோடு வரிசை வரிசையாகச் சேர்த்துத் தைப்பது. ஏற்கெனவே அடியிலிருந்து ரத்தம் வருவது குறைந்துபோன தோல் என்பதால், எங்கே வெட்டுவது என்பதை மிகக் கவனமாக முடிவு செய்வார்கள். தோல் இறந்துபோனால் உடலின் வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டுத்தோலாக வைக்க நேரும். வடிகுழாயில் வருவது பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிய பிறகே அதை எடுப்பார்கள். அதன்பின்னும் அழுத்தக் கட்டு வேண்டும்.

பெரியம்மா: இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. தேதி குறித்துவிட்டார்களா?

அத்தை: அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஆனால் இன்று காலையிலிருந்து ஊசி போட்ட இடம் சிவந்து சுடுகிறது.

மருத்துவர் அக்கா: அத்தை, அடுத்த வாரம் வரை இருக்க வேண்டாம். உள்ளே தேங்கியதில் கிருமி புகுந்திருக்கலாம். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இப்போதே மாமாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். நான் அலைபேசியில் இருக்கிறேன்.