அழகா, புழக்கமா? மண்பாண்டம் செய்பவர்களின் அனுபவங்கள்

திரிகைக்காரி, புதுச்சேரி:
1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை தொடங்கியதிலிருந்தே இந்த ஊருக்கு ஸ்டோன்வேர் (அதிக சூட்டில் சுட்ட கெட்டியான பாண்டம்) புதிதில்லை. வாங்க வருகிறவர்களும் விவரமானவர்கள். போன மாதம் கடைக்கு ஒரு பாட்டி வந்தார். கோப்பையின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார், கைப்பிடிக்குள் இரண்டு விரலை விட்டுத் தூக்கினார், கவிழ்த்து அடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். எனக்கு ரொம்பப் பிடித்த, காகிதம் போல் மெலிந்த விளிம்புள்ள கோப்பையை, "இது சிங்க்குக்குத் தாங்காதும்மா" என்று தள்ளி வைத்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது விளிம்பில் மட்டும் கொஞ்சம் மண்ணை நிறுத்தி உருட்டிவிட்டவை. சுவர் மெலிதாகவே இருக்கலாம், விளிம்பு உருண்டிருந்தால் சட்டென்று சில்லு தெறிக்காது. வாய் வைத்துக் குடிக்கவும் இதுதான் இதம்.

மண்கை, மதுரை:
மானாமதுரையில் ஒரு பெரியவர் சட்டி தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரிகையில், அதாவது குயவர் சக்கரத்தில், வாயும் கழுத்தும்தான் உருவாகும். அடி திறந்தே இருக்கும். பாதி காய்ந்த பிறகு உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார். உருண்டை அடியில் சூடு சீராகப் பரவும். ஆனால் கேஸ் அடுப்பில் ஆடுகிறது என்கிறார்கள். அதனால் நடுவில் மட்டும் லேசாகத் தட்டையாக்கி, ஓரத்தை வளைவாகவே விடுகிறார். "மூலை வெச்சா அங்கதான் தம்பி விரிசல் விடும்" என்றார். பார்க்கவும் சட்டி சட்டியாகவே இருக்கிறது!

சூளைப்பூனை, கோவை:
எல்லாமே புழக்கம் என்று போனால் எவர்சில்வரே போதுமே. எனக்கு மேட் கருப்பு, அதாவது பளபளப்பில்லாத கருப்புப் பூச்சுதான் பிடிக்கும். ஆனால் அதில் ஸ்பூன் பட்டால் சாம்பல் நிறக் கோடு விழும், வாங்கியவர்கள் கீறல் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். சரி, உள்ளே பளபளப்பு, வெளியே மேட் என்று பூசுகிறேன். இரட்டை வேலைதான், அதற்கும் சேர்த்தே விலை சொல்கிறேன். டீபாட் மூக்கு சொட்டாமல் இருக்க யாரிடமாவது வழி இருக்கிறதா?

திரிகைக்காரி, புதுச்சேரி:
மூக்கு நுனியின் கீழ்ப்பக்கத்தைக் கூராக வெட்டிவிடுங்கள். அங்கே உருட்டிவிட்டால் டீ அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு கீழே வழியும். கோப்பை விளிம்புக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.