பனிமூட்டம் சூழ்ந்த மலைநாட்டு வீட்டுக்கு ஆழ்ந்த நிறங்கள் பொருந்துமா?

கேள்வி (கொட்டகலை):
வணக்கம். தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டிலிருந்து வெளியேறி, ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டின் முன்னறைக்குக் கரும்பச்சையும் காவிச் சிவப்பும் பூச வேண்டும் என்றும், பழைய இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இருந்ததைப் போன்ற சிவப்புச் சீமெந்துத் தரை வேண்டும் என்றும் அம்மா ஆசைப்படுகிறார். மே முதல் செப்டெம்பர் வரை வெயில் அரிதாகவே எட்டிப்பார்க்கும் எங்கள் பக்கத்தில் அறை இருண்டுவிடும் என்று உறவினர்கள் வெள்ளையையே வற்புறுத்துகிறார்கள். இருப்பது ஒரேயொரு யன்னல். யார் சொல்வதைக் கேட்பது?

மறுமொழி (பண்டாரவளை):
அம்மா சொல்வதைக் கேளுங்கள். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சத்தில் நீலம் கலந்திருப்பதால், வெறும் வெள்ளைச் சுவர் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். காவியோ மஞ்சள் சாயல் உள்ள பச்சையோ அதே வெளிச்சத்திலும் உயிரோடு நிற்கும். ஆயினும் நான்கு சுவரிலும் பூசாதீர்கள். யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் ஆழ்ந்த நிறத்தைப் பூசினால், உள்ளே வரும் வெளிச்சம் நேராக அதில் விழும். யன்னல் இருக்கும் சுவரைக் கருமையாக்கினால் கண் கூசும். அதையும் சீலிங்கையும் பாலேட்டு நிறத்தில் விடுங்கள். மின்குமிழ் வாங்கும்போது 2700 கெல்வின் (மஞ்சள் சாயலுள்ள இதமான வெளிச்சம்) என்று பார்த்து வாங்குங்கள்.

மறுமொழி (மாத்தளை):
நிறத்தைப் போலவே, பொருட்களின் முரணும் முக்கியம். மெழுகு தேய்த்துப் பளபளக்கும் சிவப்புத் தரைக்குப் பக்கத்தில் கொத்தாத கருங்கல் ஒரு வரிசை இருந்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வெள்ளைச் சுவருக்கு முன்னால் கரிய மரத்தை நிறுத்தியதும் அந்த முரணுக்காகவே என்று நினைக்கிறேன். பலா மரக் கதிரை புதிதில் மஞ்சளாக இருந்து ஆண்டுகள் செல்லச் செல்லக் கபிலமாகும். பச்சைச் சுவரின் முன் அது மிக அழகு. எங்கள் ஊர் அரக்கு வேலையின் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும், தும்பறைப் பகுதியில் நெய்யும் கோலப் பாயும், ஒன்றிரண்டு போதும்.

மறுமொழி (நுவரெலியா):
எல்லாவற்றுக்கும் முன்பு ஈரத்தைக் கவனியுங்கள். சாந்து பூசிய மூன்றாவது வாரத்திலேயே நான் கரும்பச்சை அடித்தேன். மழைக்காலம் தொடங்கியதும் சுவர் முழுவதும் வெள்ளை உப்பு பூத்தது. வெளிர் நிறத்தில் மறைந்திருக்கக்கூடிய கறை, ஆழ்ந்த நிறத்தில் தூரத்திலிருந்தே தெரிகிறது. குறைந்தது நான்கு வாரம் காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் பூசிய பிறகே நிறத்தைத் தொடும்படி மேசன் பாஸிடம் (கொத்தனாரிடம்) சொல்லுங்கள். நம் குளிரில் இன்னும் கூடுதலாகக் காத்திருந்தாலும் நட்டமில்லை.

கேட்டவர் (கொட்டகலை):
மிக்க நன்றி. எதிர்ச்சுவருக்குக் காவி என்று அம்மாவும் நானும் முடிவெடுத்திருக்கிறோம்; பச்சையைக் கதவுக்கு வைத்துக்கொள்கிறோம். சாந்து பூசி இன்று பன்னிரண்டாம் நாள்தான். வேலையை நிறுத்திவைக்கும்படி பாஸிடம் இன்று மாலையே சொல்லிவிடுகிறேன்.