மோஷன் கேப்சர் அனிமேஷனா, இல்லையா?

மயிலாப்பூர்_மாடி:
போன ஞாயிறு டிவியில் மறுபடி கோச்சடையான் போட்டார்கள். பார்த்துக்கொண்டே மச்சானோடு ஆரம்பித்த சண்டை சாப்பாட்டு இலை வரை போய்விட்டது, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். 2014-இல் தியேட்டரில் பார்த்தபோதே நான் சொன்னது இதுதான்: ஒரு நடிகர் உடம்பில் புள்ளி புள்ளியாக ஒட்டி நடக்கவிட்டு, அந்த அசைவைக் கம்ப்யூட்டரில் இறக்கி ஒரு பொம்மைக்கு மாட்டினால், அதாவது மோஷன் கேப்சர் செய்தால், அது அனிமேஷன் ஆகாது. எங்கேயும் இல்லாத அசைவை ஒருவர் உட்கார்ந்து படம் படமாக உண்டாக்க வேண்டும். 1908-இல் பிரெஞ்சுக்காரர் எமில் கோல் சுமார் 700 படங்களைக் கையால் வரைந்துதான் அந்த ஒன்றரை நிமிடக் குச்சி மனிதன் படத்தை எடுத்தார். ஆஸ்கர்காரர்களே 2010-இல் விதியில் சேர்த்துவிட்டார்கள், மோஷன் கேப்சர் மட்டும் இருந்தால் அது அனிமேஷன் உத்தியாகாது என்று. மச்சான் ஏற்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

சைதை_ஸ்லைட்:
மச்சான் பக்கம் நான். மாடி சார், நீங்கள் சொல்லும் இந்தச் சுத்தமான அனிமேஷன் எந்த வருஷத்தில் இருந்தது? 1915-லேயே அமெரிக்கக் கார்ட்டூன்காரர் மேக்ஸ் ஃபிளைஷர் ரோட்டோஸ்கோப் என்ற கருவிக்குக் காப்புரிமை கேட்டு மனு போட்டுவிட்டார். சொந்தத் தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி ஆடவிட்டுப் படம் பிடித்து, அந்த ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து, மேலே காகிதம் வைத்துக் கோடு இழுத்தார். கோக்கோ என்ற கோமாளி அப்படித்தான் பிறந்தான். தம்பி உடம்பில் புள்ளி ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் பின்னால் போகலாம். போட்டோகிராபர் மைபிரிட்ஜ் 1878-இல் ஓடும் குதிரையை வரிசையாகப் போட்டோ பிடித்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷம் அவர் மேடையில் காட்டிய கருவியில் சுற்றியது போட்டோ கிடையாது. போட்டோவைப் பார்த்துக் கண்ணாடி வட்டில் தீட்டிய ஓவியம். அதையும் வேண்டுமென்றே நீட்டி வரைய வேண்டியிருந்தது, ஏனென்றால் எதிர்த்திசையில் சுற்றும், பிளவு வெட்டிய தட்டு வழியாகப் பார்த்தால் குதிரை குறுக்கே நசுங்கித் தெரியும். அதாவது சினிமாவே வராத காலத்தில், நிஜ அசைவைப் பிடித்து, திருத்தி, படமாக ஓட்டியிருக்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

மயிலாப்பூர்_மாடி:
பார்த்து வரைவதும் அப்படியே எடுத்து ஒட்டுவதும் ஒன்றா? கல்யாண வீட்டில் நாதஸ்வரம் வாசிப்பதும் கேசட் போடுவதும் ஒன்று என்பீர்கள் போலிருக்கிறதே. ரோட்டோஸ்கோப்பில்கூட கோடு எங்கே வளைய வேண்டும், எந்தச் சுருக்கத்தை விட வேண்டும் என்று ஒரு கை முடிவு பண்ணியது. 1937-இல் வந்த ஸ்னோ ஒயிட்டுக்கும் ஒரு நடனக்காரப் பெண்ணை நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள், தெரியும், ஆனால் வரைந்தவர்கள் வரைந்தார்கள்! 2007-இல் வந்த அந்தச் சமையல்கார எலி படத்தின் கடைசியில், இதில் மோஷன் கேப்சர் இல்லை, நூறு சதவீதம் அசல் அனிமேஷன் என்று பிக்சார் ஸ்டுடியோ பெருமையாகவே போட்டுக்கொண்டது. சும்மா போடுவார்களா?

தூக்கம்_வராதவன்:
ராஜா சின்ன ரோஜாவில் ரஜினியைச் சுற்றிக் கார்ட்டூன் மிருகங்கள் ஆடுமே, 1989. அதற்கு இந்தப் பஞ்சாயத்தே வரவில்லை. குழந்தைகள் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனோம்.

சைதை_ஸ்லைட்:
பிக்சாரையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் டாய் ஸ்டோரி, மொத்தம் 1,14,240 ஃபிரேம். ஒரு ஃபிரேமும் யாரும் கையால் வரையவில்லை. முக்கியமான நிலைகளை மனிதர் வைத்தார், நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் நிரப்பியது. நடுப்படம் போடுவதற்கென்றே ஒரு காலத்தில் ஹால் நிறைய ஆள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கைகள் போனதற்கு யாரும் அழவில்லை, நடிகர் உள்ளே வந்ததும் மட்டும் தீட்டு ஆகிவிட்டதா? 2000-இல் நம்ம சென்னை பெண்டாமீடியா கம்பெனி மோஷன் கேப்சரை வைத்தே முழுநீளச் சிந்துபாத் படம் எடுத்தது, இதே முறையில் வந்த ஹாலிவுட் படம் போலார் எக்ஸ்பிரஸுக்கு நாலு வருஷம் முன்னால். அதை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

லைட்பாக்ஸ்_அண்ணன்:
அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவன் நான். நடுப்படம் போடுகிற வேலை, வெளிநாட்டு டிவி தொடருக்கு, கோடம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டுடியோ, பெயர் வேண்டாம், படத்துக்கு இவ்வளவு என்று கூலி, கோடு நடுங்கியிருந்தால் காசு கிடையாது. விரலிடுக்கில் நாலைந்து தாளைப் பிடித்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டே வரைவோம். மே மாதத்தில் கை வியர்த்துத் தாள் ஒட்டிக்கொள்ளும், முழங்கைக்கு அடியில் கைக்குட்டை விரித்துக்கொள்வோம். தம்பி சைதை, யாரும் அழவில்லை என்று எழுதாதீர்கள். நாங்கள் அழுதோம்.

அப்புறம் வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு மோஷன் கேப்சரைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனேன். மாடி சார் நினைக்கிற மாதிரி அது ‘எடுத்து ஒட்டுவது’ கிடையாது. ஒரு விளம்பரத்துக்கு ஆறடி ஆள் நடித்திருந்தார், பாத்திரமோ முயல். அவர் கேரட்டை வாயில் வைத்துக் கடித்தார். அந்த அசைவை முயலுக்கு மாட்டினால் கை குட்டை, கேரட் நெஞ்சோடு நின்றுவிட்டது, வாய் மட்டும் காற்றைக் கடிக்கிறது. கால் தரையில் ஊன்றாமல் பனிக்கட்டியில் போவதுபோல் வழுக்குகிறது. விரலுக்கும் கண்ணுக்கும் எந்தத் தகவலும் வரவில்லை, அதெல்லாம் நாங்கள் வைத்ததுதான். நாலு நாள் ஆச்சு. கடைசியில் நடிகருடையது என்று மிஞ்சியது அந்தத் தோள் குலுக்கல் ஒன்றுதான், அது மட்டும் எனக்கு வரவே வராது, அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

கோச்சடையானில் கண்ணைப் பாருங்கள். உடம்பு நடிக்கிறது, கண் எங்கேயோ பார்க்கிறது. அங்கே இன்னும் நாள் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாலு நாள் முயலுக்கே வேண்டியிருந்தது.

சைதை_ஸ்லைட்:
அண்ணே, அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மன்னிச்சுக்கோங்க.

மயிலாப்பூர்_மாடி:
சரி, அண்ணன் செய்த முயல் அனிமேஷன்தான், ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் நாலு நாள் ஒரு ஆள் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறார். நான் கேட்டதும் அதுதானே. அந்த நாலு நாள் இல்லாமல் வருவதைத்தான் ஏற்கமாட்டேன் என்கிறேன். இந்த இழையை மச்சானுக்கு அனுப்பினேன். முழுக்கப் படித்துவிட்டு, “அப்போ நான் சொன்னது சரிதானே” என்கிறான். இல்லை என்று அவனுக்கு யாராவது எழுதுங்கள், இன்றைக்கு ராத்திரியும் இங்கேதான் சாப்பிட வருகிறான்.