ரோல் நம்பர் ஒன்பது

கடைசி பெஞ்ச்:
எட்டாம் வகுப்பில் என் ரோல் நம்பர் 9. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. குரல் உடையாத, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற பையனுக்கு அந்த எண்ணே வந்து வாய்த்தால் எப்படி இருக்கும்? வகுப்பாசிரியர் "எட்டு" என்னும்போதே பின்னால் செருமல் ஆரம்பித்துவிடும். "ஒன்பது" என்றதும் நான் வாயைத் திறக்கும் முன்பே மொத்த வகுப்பும் இழுத்து இழுத்து "உள்ளேன் ஐயா" என்னும். ஐயா ரெஜிஸ்டருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்.

நான் சண்டை போடவில்லை. லேட்டாக வர ஆரம்பித்தேன். அட்டெண்டன்ஸ் முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுவிட்டு, அப்புறம் போய் வகுப்பு வாசலில் முட்டி போடுவேன். முட்டி வலி எவ்வளவோ மேல். முதல் பீரியட் கணக்கு டீச்சருடையது. தினமும் வாசலிலேயே என்னைப் பார்த்தவர், ஒருநாள் தனியே கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். "ரோல் நம்பர் மாத்தித் தர முடியுமா மிஸ்?" என்று மட்டும் கேட்டேன். பதிலே சொல்லவில்லை. வகுப்பாசிரியரிடம் என்ன பேசினாரோ, அடுத்த வாரத்திலிருந்து அட்டெண்டன்ஸ் பெயர் சொல்லி எடுத்தார்கள்.

இன்றைக்கும் பேங்க்கில் ஒன்பதாம் டோக்கன் வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கிறேன். அது வேறு கதை.

உங்களுடையதையும் சொல்லுங்கள். என்ன செய்தார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்ததுதான். நீங்கள் என்ன செய்தீர்கள்?

இரட்டைச் சடை:
தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான் என் போராட்டம்.

நான் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்ட ஆண். படித்தது பெண்கள் பள்ளி. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, ரிப்பன், துப்பட்டாவுக்கு இரண்டு தோளிலும் பின். ஒன்பதாவதில் நான்கைந்து பேர், "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று பாத்ரூம் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து காலை எட்டு மணி முதல் ஸ்பெஷல் கிளாஸ் முடியும்வரை ஒரு சொட்டு உள்ளே போகாது. அம்மா நிரப்பித் தந்த பாட்டிலை மாலையில் வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். பத்தாவதில் சிறுநீர்த் தொற்று வந்து படுத்தபோது டாக்டர் அம்மாவைத்தான் திட்டினார். பாவம் அம்மா.

ரிசல்ட் வந்த அன்று சடை இரண்டையும் நானே கத்தரித்தேன். பதினொன்றாவதுக்கு அதே பள்ளியில் சீட் இல்லை என்றார்கள். நல்லதாகப் போயிற்று.

மல்லி:
எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். பிளஸ் டூவில் நானும் ஒரு தோழியும் எழுதிக்கொண்ட கடிதம் சிக்கியது. ஹெச்.எம். ரூமில் இருவரின் பெற்றோரும் இருந்தார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, அவளாகத்தான் எழுதினாள்" என்றேன். அவளுக்கு டி.சி. கொடுத்தார்கள். பிறகு வகுப்பில் அவளைக் கிண்டல் செய்தபோது நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

இரட்டைச் சடை:
மல்லி, உங்களுக்கு அப்போது வயது பதினேழு.

மல்லி:
அவளுக்கும்தான்.

பிளஸ் ஒன்:
நான் இப்ப படிச்சிட்டு இருக்கேன். நாலு பசங்க, டெய்லி. ஹெச்.எம். கிட்ட போனா வீட்டுக்கு போன் போட்டுருவார். வீட்ல தெரியாது. என்ன பண்றது?

வக்கீல் அக்கா:
தம்பி, முதலில் ஒன்று. புகார் கொடுக்க, உன் பாலினம் என்ன, யாரைப் பிடிக்கும் என்றெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுது: தேதி, இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள். அடித்தார்கள், பையை எடுத்தார்கள் என்றால் அது எந்த மாணவனுக்கு நடந்தாலும் தப்புதான். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், இலவசம். கூப்பிட்டால், வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடு.

இன்னொன்று. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, ஒருவரையொருவர் காதலித்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில் பள்ளிகளைப் பற்றியே தனியாக இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்குப் புரியவைப்பது, பாலினப் பொதுக் கழிவறை, கவுன்சிலர், சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி எல்லாம். தீர்ப்பு எழுதும் முன் அவரே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதே வருடம் மத்திய அரசின் பள்ளிப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி, திருநர் மாணவர்களைப் பற்றி ஆசிரியர்களுக்காகப் போட்ட கையேட்டை எதிர்ப்பு வந்ததும் இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே உத்தரவை மட்டும் நம்பி ஹெச்.எம். முன்னால் போய் நிற்காதே. நம்பிக்கையான ஒரு டீச்சர் இருக்கிறாரா, பார்.

பிளஸ் ஒன்:
நோட்ல எழுதிட்டேன் அக்கா. ஏழு தேதி வருது. கணக்கு மிஸ் கொஞ்சம் பரவால்ல. ஆனா அவங்களும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

கடைசி பெஞ்ச்:
உன் நம்பர் என்ன?

பிளஸ் ஒன்:
31. தப்பிச்சேன்.